கேலரிக்குப் போய் வெறும் காபி மட்டும் குடித்துவிட்டு வரலாமா? (சோழமண்டலம், ஈசிஆர்)

ஆறாம்விரல்:
வணக்கம். கொட்டிவாக்கத்தில் வீடு, சோழிங்கநல்லூரில் வேலை. ஆறு வருஷமாக ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) வழியாகத்தான் போய்வருகிறேன். ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் என்ற பலகையைத் தினமும் பார்க்கிறேன். ஒருநாள்கூட வண்டியைத் திருப்பியதில்லை.

காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். நாலு வருஷம் முன்பு நகரத்துக்குள் ஒரு சின்ன கேலரிக்கு (பெயர் வேண்டாம்) தனியாகப் போனேன். உள்ளே என்னையும் மேஜைக்குப் பின்னால் ஒரு பெண்ணையும் தவிர யாரும் இல்லை. குளிர்சாதன சத்தம் மட்டும். அந்தப் பெண் நிமிர்ந்து, குறிப்பாக எதையாவது தேடுகிறீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். ஆனால் எனக்கு ஏதோ திருட வந்து மாட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. 'சும்மா பார்க்கத்தான்' என்று சொல்லிவிட்டு இரண்டு நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டேன். அன்று சுவரில் என்ன படம் இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. என் செருப்புச் சத்தம் மட்டும் ஞாபகம் இருக்கிறது.

இப்போது அப்பா கும்பகோணத்திலிருந்து வருகிறார். கூட்டுறவு வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் ஜாதகம் பார்ப்பார். மால் என்றால் அரைமணியில் கால் வலி வந்துவிடும். இந்த முறை அவரைச் சோழமண்டலம் கூட்டிப்போகலாமா என்று யோசனை. உள்ளேயே கஃபே இருக்கிறதாமே.

கேள்விகள்: எதுவும் வாங்காமல் வந்தால் தப்பா? காபி மட்டும் குடித்துவிட்டு வரலாமா? படமே பார்த்துப் பழகாத 68 வயதுக்காரருக்கு அங்கே பொழுது போகுமா?

இரண்டாம்_டிகாஷன்:
பொழுது போகும். காபி விலையைப் பார்த்தால் அப்பாவுக்குப் பேச விஷயமும் கிடைக்கும். நான் பொதுவாகக் கேலரி கஃபேக்களைச் சொல்கிறேன், யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

பழைய_பஸ்பாஸ்:
ஆறாம்விரல், நீங்கள் மேஜைப் பெண்ணுக்குப் பயந்து ஓடிய மாதிரி நானும் ஓடியிருக்கிறேன், அதுவும் எழுபதுகளில். அதனால் வெட்கப்பட வேண்டாம்.

சோழமண்டலத்தை 'கேலரி' என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். அது ஒரு குடியிருப்பு. ஓவியர்கள் வீடு கட்டிக் குடியிருந்த இடம், இன்றும் சிலர் குடியிருக்கும் இடம். 1966-ல் கே.சி.எஸ். பணிக்கர் தொடங்கியது. அவர் அப்போது சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வர். கல்லூரி 1850-லிருந்து இருக்கிறது. மெரினாவில் உழைப்பாளர் சிலை செய்தாரே தேவி பிரசாத் ராய் சவுத்ரி, அவர் முன்பு அங்கே முதல்வராக இருந்தவர், பணிக்கருக்கு ஆசிரியர்.

கல்லூரியிலிருந்து ஒவ்வொரு வருஷமும் நல்ல கைகள் வெளியே வரும். வந்து என்ன செய்வது? படம் வாங்க அன்றைய சென்னையில் ஆள் ஏது. துணி டிசைன், விளம்பர போர்டு, ஸ்கூல் டிராயிங் மாஸ்டர் வேலை என்று கரைந்துபோவார்கள். வயிற்றுக்கு ஒரு தொழில், மனசுக்கு ஓவியம், இரண்டும் ஒரே கையால், ஆனால் ஒன்றில் இன்னொன்று கலக்காமல். இதுதான் பணிக்கர் கண்ட வழி. கைவினைச் சங்கம் ஒன்று ஆரம்பித்தார்கள். முக்கியமாகப் பாத்திக். துணியில் உருக்கிய மெழுகால் வரைந்து, சாயத்தில் முக்கி, காயவைத்து, மறுபடி மெழுகு, மறுபடி சாயம். இளம் நிறத்திலிருந்து ஆரம்பித்து அடர் நிறத்துக்குப் போக வேண்டும், திரும்ப வர முடியாது. மெழுகு நொறுங்கிய இடத்தில் சாயம் புகுந்து இலை நரம்பு மாதிரி ஓடும். அதை விற்ற காசில்தான் ஏறத்தாழ 10 ஏக்கர் மணல் வாங்கினார்கள். கடற்கரை நிலத்தை அன்று யாரும் சீந்தவில்லை. சவுக்கும் பனையும்தான். கரண்டும் கிடையாது, ஓலைக் குடிசை.

என் கல்லூரிக் காலத்தில் இரண்டு பேர் மிதிவண்டியில் போனோம். ஒரு குடிசை வாசலில் ஒருவர் உட்கார்ந்து செம்புத் தகட்டைத் தட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் பார்த்துக்கொண்டே நின்றோம். அவர் நிமிரவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, 'வெயில்ல நிக்காதீங்க' என்றார். அவ்வளவுதான் எங்கள் கலை உரையாடல்.

இப்போது 2009-ல் திறந்த அருங்காட்சியகம் உண்டு. சென்னை இயக்கம் என்பார்கள், அந்தக் கல்லூரியைச் சுற்றி வளர்ந்த நவீன ஓவியர், சிற்பிகள் கூட்டம்; அவர்களின் படங்கள், சிற்பங்கள். அதற்கு நுழைவுச்சீட்டு உண்டு. விற்பனைக்கு வைக்கும் கூடங்கள் இரண்டு, அவற்றில் மாறி மாறிக் கண்காட்சி நடக்கும். வெளியே தோட்டத்தில் கல் சிற்பங்கள். வாங்கச் சொல்லி யாரும் பின்னால் வர மாட்டார்கள். அப்பாவைத் தாராளமாகக் கூட்டிப்போங்கள்.

மணல்மேடு:
பழைய கதை நன்றாக இருக்கிறது. இன்றைய நிலவரத்தை நான் சொல்கிறேன்.

கஃபே வைத்த கேலரி என்றால், கேலரி வைத்த கஃபே என்று படியுங்கள். போன மாதம் நகரத்தில் ஒரு இடம். மேஜை எட்டு, படம் பன்னிரண்டு. படத்தைப் பார்க்க வேண்டுமென்றால் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் குடும்பத்தின் தலைக்கு மேல் எட்டிப் பார்க்க வேண்டும். நான் ஒரு படத்தின் முன் நின்றதும் கீழே உட்கார்ந்திருந்தவர் 'பில்லா?' என்று கேட்டார். என்னைச் சர்வர் என்று நினைத்துவிட்டார். இன்னொரு பக்கம் கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ எடுக்க ஒரு ஜோடி. பையன் ஓவியத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பெண் அவனைப் பார்க்க, பின்னணியில் யாரோ ஆறு மாதம் உட்கார்ந்து வரைந்தது மங்கலாக.

அதே ஈசிஆரில் விஜிபி பொழுதுபோக்குப் பூங்காவில் ஆடாமல் அசையாமல் நிற்பாரே சிலை மனிதர், அவரைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக நின்றோம். பக்கத்திலேயே நிஜச் சிலைகள் நிற்கும் தோட்டத்துக்கு நம்மில் எத்தனை பேர் போயிருக்கிறோம்? நம் ஊர் லட்சணம் அது. கஃபே வந்தால் மாறிவிடுமா? கேக் சாப்பிடக் கூட்டம் வரும், அவ்வளவுதான்.

இரண்டாம்_டிகாஷன்:
சிலை மனிதரைச் சிரிக்க வைக்க என் மாமா ஒரு மணி நேரம் முயற்சி செய்து தோற்றார். குடும்பத்தில் இன்னும் பேச்சு இருக்கிறது.

கரித்துண்டு:
நான் வரைபவன். கஃபேயோடு சேர்ந்த இடங்களில் இரண்டு முறை படம் மாட்டியிருக்கிறேன். மணல்மேடு சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதியை எழுதுகிறேன்.

சின்ன கேலரி எப்படிப் பிழைக்கிறது என்று யாரும் யோசிப்பதில்லை. படம் விற்றால் கேலரிக்குப் பங்கு உண்டு. மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை இருக்கும். கேட்டால் கொள்ளை என்று தோன்றும், எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் ஒரு படம்கூட நகராத மாதங்கள் வரும். அந்த மாதமும் வாடகை, கரண்டு, விளக்கு, காவலுக்கு ஒருவர், திறப்பு விழா அன்று டீ, சமோசா எல்லாம் உண்டு. படம் எப்போதோ ஒருநாள் விற்கும். காபி தினமும் விற்கும். கணக்கு அவ்வளவுதான். கஃபே இல்லாத சின்ன கேலரியை நடத்துபவர் பெரும்பாலும் வீட்டுச் சொத்தில் நடத்துவார், அல்லது கையைச் சுட்டுக்கொண்டு இரண்டு வருஷத்தில் மூடுவார்.

இனி கஷ்டம். என் முதல் கண்காட்சியில் ஒரு கேன்வாஸ், நாலடிக்கு மூன்று. கீழ் மூலையில் நாற்காலி முதுகு இடித்து உள்வாங்கிவிட்டது. பத்து ரூபாய் நாணயம் அளவு குழி. இடித்தவருக்குத் தெரியவே தெரியாது, பாவம், அவர் தோசையை நோக்கி நாற்காலியைப் பின்னால் தள்ளியிருக்கிறார். பின்பக்கம் லேசாக ஈரம் காட்டி, நிழலில் காயவிட்டேன். தொண்ணூறு சதவீதம் சரியாயிற்று. மீதியை நான் மட்டும் பார்ப்பேன். அதற்குப் பிறகு அந்த இடத்தில் நாற்காலி முதுகு உயரத்துக்குச் சுவர் நெடுக ஒரு மரப்பட்டை அடித்தார்கள். நீங்கள் எந்த கஃபே கேலரிக்குப் போனாலும் அந்தப் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கே யாரோ ஒருவர் படத்தைப் பற்றிக் கவலைப்படுகிறார் என்று அர்த்தம். சமையல் புகை, எண்ணெய் வாசம் வேறு. காகிதத்தில் வரைந்ததைக் கண்ணாடி போடாமல் அடுப்பு இருக்கும் பக்கம் மாட்டச் சொன்னால் நான் ஒத்துக்கொள்வதில்லை.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும். இரண்டாவது கண்காட்சி முடிந்து படங்களை இறக்கும்போது, பரிமாறுகிற பையன் வந்தான். அசாமிலிருந்து வந்தவன், தமிழ் அரைகுறை. 'மூணாவது டேபிள் படம் சாயங்காலம் நல்லா இருக்கு சார். காலையில செத்துப்போகுது' என்றான். நான் அந்தப் படத்தை மாலையில் பார்த்ததே இல்லை. மேற்குச் சன்னல் வழியாக வரும் வெளிச்சம் படும்போது அதிலிருந்த காவி எப்படி எழுந்து நிற்கும் என்பது அவனுக்குத் தெரியும், வரைந்த எனக்குத் தெரியாது. ஒரு மாதம் முழுக்க ஒரே படத்தைத் தினமும் பார்த்த ஒரே ஆள் அவன்தான். எந்தக் கலை விமர்சகனும் அப்படிப் பார்த்ததில்லை.

அதனால் காபி மட்டும் குடித்துவிட்டு வரலாமா என்ற கேள்விக்கு என் பதில்: தாராளமாக. ஆனால் சுவரைப் பார்த்து உட்காருங்கள்.

யாழ்தேவி:
கொழும்பிலிருந்து எழுதுகிறேன். எங்கட பக்கத்துக் கதையும் ஒன்று சொல்லலாமோ?

காலி வீதியில், கொள்ளுப்பிட்டியில் பெயார்ஃபுட் என்று ஒரு கடை. பார்பரா சன்சோனி தொடங்கியது. அவர் 2022-ல் காலமானார். முன்பக்கம் முழுக்கக் கைத்தறித் துணி, மஞ்சளும் ஊதாவும் சிவப்புமாகக் கண் கூசும். நான் முதல்முறை போனது அம்மாவோட, யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தா. துணியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நடந்தா. அப்படியே பின்னால் போனால் முற்றம், மரம், மேசை போட்டிருக்கு. பக்கத்தில் ஓவியக் கூடம். அம்மா தேத்தண்ணி குடிக்கத்தான் உட்கார்ந்தா. ஆறுகிற வரைக்கும் என்ன செய்ய என்று எழும்பிப் போய்ப் படம் பார்த்தா. வந்து 'ஆர் கீறினது?' என்று கேட்டா. அதுவரைக்கும் அவ ஒரு படத்தைப் பற்றி ஆர் கீறினது என்று கேட்டதே இல்லை.

துணிக்கு வந்து, தேத்தண்ணிக்கு இருந்து, படத்துக்குப் போனா. நேராகக் கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தால் வாசலிலேயே 'நீ பார்த்திட்டு வா பிள்ளை, நான் இதில நிக்கிறன்' என்றிருப்பா.

அல்பிரட் ஹவுஸ் வீதியில் கேலரி கஃபேயும் இருக்கு, கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் பழைய அலுவலகம் அது. கட்டடமே வடிவு. ஆனால் அங்க போறதென்றால் கொஞ்சம் உடுத்திக்கொண்டு போக வேணும் என்று எனக்கு ஒரு எண்ணம். அது என்ர பிரச்சினை, கடையின்ர பிரச்சினை இல்லை.

மணல்மேடு:
யாழ்தேவி, அம்மா கதைக்கு நான் பணிகிறேன். ஆனால் பஸ்பாஸ் ஐயா ஒன்றைக் கவனிக்கவில்லை. பணிக்கர் ஓவியத்தையும் பிழைப்பையும் தனித்தனியாக வைக்கத்தானே பாத்திக் செய்யச் சொன்னார்? இன்றைக்கு கஃபே இரண்டையும் கலந்துவிட்டதே. சோபா நிறத்துக்குப் படம் கேட்கிறார்கள்.

பழைய_பஸ்பாஸ்:
கவனித்தேன் தம்பி. நான் அதைத் தலைகீழாகப் பார்க்கிறேன். பாத்திக்கை வாங்கியவர்கள் எல்லாம் ஓவிய ரசிகர்களா? எங்கள் வீட்டில்கூட ஒன்று இருந்தது. யாரோ கல்யாணத்துக்குக் கொடுத்தது, ஒரு மாட்டுத் தலை. அம்மா அதை டிரங்குப் பெட்டிக்கு மேல் தூசி படாமல் விரித்து வைத்திருந்தாள். அது எந்த ஓவியரின் கையோ. அன்று பாத்திக்குக்குக் காசு கொடுத்தவர்கள் இடத்தில் இன்று நாமெல்லாம் கேக்குக்குக் காசு கொடுக்கிறோம். அந்தக் காசில் உள்ளே ஒருவன் யாருக்கும் பிடிக்காத படத்தை நிம்மதியாக வரைந்தால் எனக்குப் போதும். கஃபேக்காரர் படத்தைத் தேர்ந்தெடுக்க ஆரம்பிக்கும்போது சொல்லுங்கள், நானும் உங்களோடு சேர்ந்து கத்துகிறேன்.

கரித்துண்டு:
அந்தக் கடைசி வரிதான் விஷயம். யார் படத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பாருங்கள். கொச்சிக் கோட்டையில் காஷி ஆர்ட் கஃபே 1997-ல் ஆரம்பித்தது. பழைய வீடு, நடுவில் முற்றம். உள்ளே காபியும் கேக்கும், கூடவே கேரளத்து இளம் ஓவியர்களின் கண்காட்சி. வாங்குவதற்கு அன்று அங்கே பெரிய சந்தை ஒன்றும் இல்லை. சுற்றுலா வந்தவர்களின் காபிக் காசு ஓடிக்கொண்டிருக்க, கூடத்தில் அவர்கள் பாட்டுக்குப் புதிய ஆட்களைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். கொச்சி பியனாலே என்ற பெரிய கலைக் கண்காட்சி வந்தது 2012 டிசம்பர் 12-ல். அதற்கு 15 வருஷம் முன்பே அந்த ஊரில் ஒரு கஃபே இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது.

மணல்மேடு:
சரி, ஒத்துக்கொள்கிறேன். கால்வாசி.

பழைய_பஸ்பாஸ்:
ஆறாம்விரலுக்கு நடைமுறை விஷயம், மறப்பதற்குள். திங்கள் அல்லது விடுமுறை நாளாக இருந்தால் போவதற்கு முன் போன் செய்து கேளுங்கள், கஃபே நேரத்தையும் சேர்த்து. மாமல்லபுரம் பக்கம் போகும் பேருந்து திருவான்மியூரில் கிடைக்கும், கண்டக்டரிடம் சொன்னால் இறக்கிவிடுவார். சனி மாலை ஈசிஆர் நெரிசல் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, காலையிலேயே போங்கள். முதலில் அருங்காட்சியகம், பிறகு தோட்டம், கடைசியில் காபி. அப்பாவுக்குக் கால் வலித்தால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். போட்டோ எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு எடுங்கள், ஃபிளாஷ் வேண்டாம். குடியிருக்கும் வீடுகளுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். நாம் பண்ணுவோம், அதனால் சொல்கிறேன்.

படத்தின் பக்கத்தில் சின்னச் சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தால் விற்றாயிற்று என்று அர்த்தம். அழுக்கு என்று நினைத்து ஒருமுறை என் பேத்தி உரிக்கப் பார்த்தாள்.

ஆறாம்விரல்:
போய்விட்டு வந்தோம்! நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலை பத்தரைக்குப் போனோம். ரோட்டிலிருந்து உள்ளே திரும்பியதும் சத்தம் பாதியாகக் குறைந்துவிட்டது. அருங்காட்சியக வாசலில் அப்பா செருப்பைக் கழற்றினார். அங்கிருந்தவர் 'போட்டுக்கிட்டே வரலாங்கய்யா' என்றார். அப்பா 'பரவால்ல, பழக்கம்' என்று சொல்லிவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனார். நானும் கழற்றிவிட்டேன். செருப்புச் சத்தம் இல்லாததால் எனக்கும் பயம் போய்விட்டது என்று இப்போது தோன்றுகிறது.

முதல் அறையை அப்பா வேகமாகக் கடந்தார், எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவ்வளவுதான், காபி குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான் என்று நினைத்தேன். அப்புறம் பணிக்கரின் படம் ஒன்றின் முன்னால் நின்றார். 'சொற்களும் குறியீடுகளும்' என்று அவர் அறுபதுகளில் ஆரம்பித்த வரிசை. படம் முழுக்கப் பொடி எழுத்து மாதிரி வரிவரியாக ஏதோ. நடுநடுவே கட்டங்கள், ஜாதகக் கட்டம் மாதிரியே. ஓரத்தில் மீனா பறவையா என்று சொல்ல முடியாத ஒன்று. அப்பா மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கிட்டே போனார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். (தொடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, அவராகவே.)

"லக்னம் போடாம விட்டிருக்கார்" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார். உதடு அசைந்தது. ஒரு கட்டத்தில் இரண்டு குறி, அடுத்ததில் ஒன்றும் இல்லை. விரல்விட்டு ஏதோ எண்ணினார். பத்து நிமிஷமாவது இருக்கும். பிறகு அங்கிருந்தவரைக் கூப்பிட்டு, இது மலையாளமா, கிரந்தமா என்று கேட்டார். அவர் சொன்னார்: "எந்த பாஷையும் இல்லைங்கய்யா. பார்க்க எழுத்து மாதிரி இருக்கும். படிக்கறதுக்கு இல்ல."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "படிக்கறதுக்கு இல்லையாம். அப்ப நான் இவ்வளவு நேரம் என்ன படிச்சுக்கிட்டிருந்தேன்?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். திரும்பப் போய் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார்.

எனக்குப் பிடித்தது கே. ராமானுஜத்தின் மை ஓவியம். கோட்டையும் மாடமும் பாம்பும் இறக்கை வைத்த உருவங்களுமாக ஒரு ஊர், எல்லாம் மெல்லிய கோடு. கறுப்பு மையை இத்தனை விதமாக, முடி மாதிரி, செதில் மாதிரி, மேகம் மாதிரி இழுக்க முடியும் என்று எனக்குத் தெரியாது. அவர் இந்தக் கிராமத்திலேயே இருந்தவர், 1940-ல் பிறந்து 1973-ல் இறந்துவிட்டார். முப்பத்து மூன்று வயது, என் வயது. அதைப் படித்ததும் கொஞ்ச நேரம் அடுத்த படத்துக்கு நகர முடியவில்லை.

தோட்டத்தில் கல் சிற்பங்கள். ஒன்றின் மேல் காக்காய் உட்கார்ந்திருந்தது. அப்பா ஒவ்வொரு கல்லையும் தட்டிப் பார்த்து, கருங்கல் எந்தப் பக்கத்துக் கல்லாக இருக்கும் என்று எனக்குப் பாடம் எடுத்தார். திருவாரூர்த் தேர் வரைக்கும் பேச்சு போய்விட்டது.

கடைசியில் கஃபே. அப்பா விலைப்பட்டியலை ஒருமுறை மேலிருந்து கீழே, ஒருமுறை கீழிருந்து மேலே படித்தார். இரண்டாம்_டிகாஷன் சொன்னது பலித்தது. ஆனால் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தோம். தண்ணீர் டம்ளரைக் கீழே வைக்க மனமில்லாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, தான் பள்ளிக்கூடத்தில் படம் நன்றாக வரைவேன் என்றும், ஐந்தாம் வகுப்பில் வாத்தியார் அதை வாங்கி வைத்துக்கொண்டார் என்றும் சொன்னார். முப்பத்து மூன்று வருஷத்தில் எனக்கு இது தெரியாது. என்ன படம் என்று கேட்டேன். "தேர். சக்கரம் மட்டும் சரியா வரல" என்றார்.

இன்னொரு விஷயம். விற்பனைக் கூடத்தில் ஒரு சின்ன அச்சோவியம் வாங்கினோம். உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரியது, ஒரு பனைமரமும் ஒரு ஆடும். நானாக இல்லை, அப்பாதான் 'இது என்ன விலை' என்று கேட்டார். இரண்டு கேஸ் சிலிண்டர் விலை. அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கீழே பென்சிலில் 3/20 என்று எழுதியிருக்கிறது. அப்பா அது தேதி என்கிறார். கரித்துண்டு, அது என்ன?

இரண்டாம்_டிகாஷன்:
ஜாதகக்காரரைப் படிக்க வைத்துவிட்டுப் படிக்க ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கிறார் பணிக்கர். இதை எங்கள் வீட்டில் சத்தம் போட்டுப் படித்துக் காட்டினேன்.

யாழ்தேவி:
அப்பாவின்ர தேர் இப்ப எங்க இருக்கோ. அந்த வாத்தியார் வைத்திருப்பார் என்றே நினைப்போம்.

கரித்துண்டு:
தேதி இல்லை. படத்தைச் செதுக்கிய ஒரே அச்சுக் கட்டையிலிருந்து 20 பிரதிகள் எடுத்து, அதில் உங்களுடையது மூன்றாவது என்று பொருள். 20 முடிந்ததும் அந்தக் கட்டையிலிருந்து இனி எடுப்பதில்லை என்பது ஓவியர் கொடுக்கும் வாக்கு. பென்சிலில் எழுதுவது வழக்கம், கையெழுத்தும் பென்சிலில்தான் இருக்கும். யாரும் 'அழுக்கு' என்று ரப்பரால் அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், என் அத்தை ஒருமுறை அழித்திருக்கிறாள்.

சட்டம் போடும்போது கடைக்காரரிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். கண்ணாடி படத்தை நேராகத் தொடக்கூடாது, இடையில் ஓரம் வெட்டிய அட்டை வேண்டும். தொட்டால் மழைக்காலத்தில் ஈரம் கோத்துக் காகிதம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பின்னால் சாதாரண அட்டை போட்டால் சில வருஷத்தில் பழுப்பேறும், அமிலம் இல்லாத அட்டை கேளுங்கள். கொஞ்சம் கூடுதல் ஆகும். செலோ டேப் போட விடாதீர்கள். நேர் வெயில் படும் சுவர் வேண்டாம், சாமி விளக்குக்கு மேலே வேண்டவே வேண்டாம்.

மணல்மேடு:
பனைமரமும் ஆடும். நான்கூட வாங்குவேன் போல. போட்டோ போடுங்கள், சோபா நிறம் என்ன என்று மட்டும் சொல்லாதீர்கள்.

பழைய_பஸ்பாஸ்:
'வெயில்ல நிக்காதீங்க' என்று யாராவது சொன்னார்களா?

ஆறாம்விரல்:
யாரும் சொல்லவில்லை சார், மேகமூட்டம். :)

கரித்துண்டு, நீங்கள் சொன்னபடியே சட்டம் போட்டாயிற்று. ஆனால் படம் என் வீட்டில் இல்லை. அப்பா ஊருக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டார். ரயிலில் மேலே வைக்காமல் கும்பகோணம் வரைக்கும் மடியிலேயே வைத்துக்கொண்டு போனாராம். கூடத்தில் புதிதாக ஆணி அடித்தால் சுவர் உதிரும் என்று, தினசரிக் காலண்டர் மாட்டியிருந்த ஆணியிலேயே மாட்டியிருக்கிறார். அம்மா போட்டோ அனுப்பினாள். காலண்டர் இப்போது கதவுக்குப் பின்னால் போய்விட்டது.

இரண்டாம்_டிகாஷன்:
அப்படியென்றால் ராகு காலம் பார்க்க வேண்டுமென்றால் கதவைச் சாத்த வேண்டுமா?

ஆறாம்விரல்:
ஆமாம். சாத்துகிறார்.